பொன்னில் எழுதப்பட்ட ரூபா
மலையகத்துக் காசின் கதை – 7

கங்காணியின் துண்டோடு சென்ற இதழை நிறுத்தியிருந்தோம். அக்கரையிலிருந்து ஆள் கட்டி வரும்போதே தலையில் ஏற்றிய முற்பணம், வழிச்செலவு, அரிசிக் கணக்கு எல்லாம் கடனாகச் சேர்ந்தன. அந்தக் கடனை அடைத்தால்தான் ஆளை விடுவோம் என்று எழுதிய காகிதமே துண்டு. 1921 இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். துண்டு ஒழிந்த கதையை நம் சங்கங்களும் ஆசிரியர்களும் நன்றாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். சம்பள நாளில் கையில் விழுந்த ரூபாவின் கதையைத்தான் யாரும் அதிகம் சொல்லவில்லை. அந்த ரூபாவை வெளியிட்டவர் யார்? அதற்குப் பின்னால் என்ன இருந்தது? இன்று வாங்கும் அரிசியை அடுத்த ஆண்டும் அதே ரூபா வாங்குமென்று உறுதி கொடுத்தவர் உண்டா? உடப்புசல்லாவையில் கோப்பி நட்ட காலத்திலிருந்து இன்றுவரை இந்தக் கேள்விகளைத் தொடர்ந்து பார்த்தால், சம்பளப் போராட்டத்தின் மறுபாதி நமக்குத் தெரியவரும்.

வங்கி மூடிய நாள்

கோப்பிக் காலத்தில் இலங்கையில் புழங்கிய காகிதப் பணத்தைத் தனியார் வங்கிகளே வெளியிட்டன. அவற்றுள் பெரியது ஓரியண்டல் பாங்க் கோர்ப்பரேஷன். 1842 இல் பம்பாயில் வேறொரு பெயரில் தொடங்கி, இலண்டனுக்குத் தலைமையகத்தை மாற்றி, 1851 இல் அரச பட்டயம் பெற்ற வங்கி அது. கண்டி மலைகளில் காடு வெட்டிக் கோப்பி நட்ட துரைமாருக்கு அது தாராளமாகக் கடன் கொடுத்தது. 1869 இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையில் செம்மஞ்சள் துரு கண்டது. ஹெமிலியா என்ற அந்தப் பூஞ்சை நோய் பதினைந்து ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. தோட்டங்கள் விழுந்தபோது அவற்றை ஈடாக வாங்கியிருந்த வங்கியும் விழுந்தது. 1884 மே 3 அன்று ஓரியண்டல் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது.

கொழும்பிலும் கண்டியிலும் பீதி கிளம்பியது. கையிலிருந்த நோட்டு வெறுங்காகிதம் ஆகிவிடுமோ என்ற அச்சம் கடைத்தெருவெங்கும் பரவியது. அப்போதைய தேசாதிபதி ஆர்தர் கோர்டன், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அந்தத் துணிவு பலரைக் காப்பாற்றியது. அதே ஆண்டு காகித நாணயக் கட்டளைச் சட்டம் வந்தது. 1885 முதல் அரசாங்க நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. அன்று தொடங்கிய நாணயச் சபை முறை 1950 வரை நீடித்தது.

அதன் விதி மிக எளிது. யாராவது வெள்ளி ரூபாவோ அதற்கு ஈடான சொத்தோ கொண்டுவந்து கொடுத்தால்தான் சபை புது நோட்டு கொடுக்கும். வெளியே உள்ள ஒவ்வொரு ரூபா நோட்டுக்கும் உள்ளே இந்திய ரூபாவாகவோ பத்திரமாகவோ ஈடு இருக்கும். அரசாங்கத்துக்குப் பணம் போதவில்லை என்பதற்காக நோட்டு அடிக்கும் அதிகாரம் தேசாதிபதிக்கும் இல்லை, சட்டசபைக்கும் இல்லை.

வெள்ளி விழுந்தபோது யார் வென்றார்

ஈடு இருந்தாலும் அந்த ஈட்டுக்கே மதிப்புக் குறைந்தால் என்ன ஆகும்? உடப்புசல்லாவையில் கோப்பி போய்த் தேயிலை வந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது.

1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபா இலண்டனில் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் பெறும். பிறகு ஜெர்மனி பொன் நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியைச் சந்தையில் விற்றது. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி குவிந்தது. வெள்ளி ரூபா ஆண்டுக்காண்டு இறங்கி, 1890களின் நடுவில் ஒரு ஷில்லிங் ஒரு பென்ஸ் அளவுக்கு வந்து நின்றது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலண்டனில் ஓர் இறாத்தல் தேயிலை ஒரு ஷில்லிங்குக்கு விற்றால், இரண்டு ஷில்லிங் ரூபாக் காலத்தில் துரைக்கு 50 சதம் கிடைக்கும். விழுந்த ரூபாக் காலத்தில் அதே ஷில்லிங் 92 சதம் ஆகிறது. நாட்கூலியோ பல ஆண்டுகளாகப் பெரிதாக அசையாமல் சதக் கணக்கிலேயே நின்றது.

வரவு ஸ்டெர்லிங்கில், செலவு ரூபாவில். ரூபா விழும் ஒவ்வொரு முறையும் கூலியின் ஒரு பகுதி யாரும் கை வைக்காமலே இடம் மாறிவிடும். செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு பேரும் (ஒரு நாள் வேலைக் கணக்கும்) குறையாது, சம்பள நாளில் ஒரு சதமும் பிடிக்கப்படாது. 1893 ஜூனில் இந்திய அரசாங்கம், வெள்ளியைக் கொண்டுவந்தவர்க்கெல்லாம் நாணயம் அடித்துக் கொடுப்பதை நிறுத்தியது. சில ஆண்டுகளில் ரூபா ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸில் நிலைபெற்றது. ரூபா நிமிர்வதை விரும்பாதவர்களில் தேயிலை ஏற்றுமதியாளரும் இருந்தார்கள். அவர்களுடைய ஆதாயம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நாணயச் சபைக் காலத்தைப் பொற்காலமாக்கவும் நான் வரவில்லை. 1930களின் உலக மந்தத்தில் தேயிலை விலை சரிந்தபோது வெளிநாட்டுப் பணம் வரவில்லை, அதனால் உள்ளூரிலும் பணம் சுருங்கியது. தோட்டங்களில் சட்டப்படி இருந்த குறைந்தபட்சச் சம்பளமே வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் திரும்பினார்கள். உலகப் போரின்போது பிரித்தானியப் படைச்செலவுக்கு ஈடாக இலண்டன் பத்திரங்கள் குவிய, அவற்றின் பேரில் நோட்டுப் பெருகி விலைவாசியும் ஏறியது. நல்ல நாணயம் ஒன்று மட்டும் தொழிலாளிக்கு நீதி தந்துவிடாது என்பதை இந்த ஆண்டுகள் காட்டுகின்றன. அது இல்லாவிட்டால் கிடைத்த நீதியும் கையில் தங்காது என்பதை அடுத்த எழுபது ஆண்டுகள் காட்டின.

அமெரிக்கர் எழுதிய சட்டம்

சுதந்திரம் வந்ததும் புதிய அரசாங்கம் தனக்கென ஒரு மத்திய வங்கி வேண்டுமென்றது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன அமெரிக்க மத்திய வங்கியிலிருந்து ஒரு வல்லுநரை அழைத்தார். அவர் பெயர் ஜோன் எக்ஸ்டர். 1949 நவம்பரில் அவர் அறிக்கை வெளிவந்தது. அதைத் தழுவி 1949 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் நிறைவேறியது. 1950 ஓகஸ்ட் 28 அன்று இலங்கை மத்திய வங்கி கதவைத் திறந்தது. முதல் ஆளுநர் எக்ஸ்டரே.

அந்த நாடாளுமன்றம் 1948 இல் குடியுரிமைச் சட்டத்தையும் 1949 இல் தேர்தல் சட்டத் திருத்தத்தையும் நிறைவேற்றி மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்த நாடாளுமன்றம். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய பாதியைத் தேயிலை ஈட்டிக்கொண்டிருந்தது. புதிய வங்கியின் அந்நியச் செலாவணி இருப்பில் பெரும்பங்கு கொழுந்து பறித்த கைகளின் உழைப்பு. 1952 தேர்தலில் அந்தக் கைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வாக்குச்சீட்டு இல்லை. பணத்தை ஆளும் அதிகாரம் யாரிடம் போக வேண்டும் என்ற பேச்சில் அவர்களுக்கு இடமே இருக்கவில்லை.

எக்ஸ்டரின் சட்டம் கவனமாக எழுதப்பட்டது. ரூபாவின் மதிப்பைப் பொன்னால் வரையறுத்தது அது. ஒரு ரூபா 2.88 கிரெயின் தூய தங்கம், அதாவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அன்றைய கணக்கில் 4 ரூபா 76 சதம் ஓர் அமெரிக்க டொலர். அந்த வரையறைப்படி எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுண் தூய தங்கம் ஏறக்குறைய 43 ரூபா. அரசாங்கத்துக்கு வங்கி நேரடியாக முற்பணம் கொடுக்கலாம். ஆனால் எதிர்பார்க்கும் வருமானத்தின் பத்து வீதத்துக்கு மேல் கூடாது என்று எல்லையும் போட்டது. பணத்தின் உள்நாட்டு மதிப்பைக் காப்பதும் வெளிநாட்டு மதிப்பைக் காப்பதும் வங்கியின் முதல் கடமைகளில் அடங்கின.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு வாசல் திறந்திருந்தது. திறைசேரி உண்டியல்களை வங்கி வாங்கலாம். அரசாங்கம் கடன் சீட்டு எழுதும், வங்கி அதை வாங்கிக்கொண்டு புதிதாக ரூபா உண்டாக்கிக் கொடுக்கும். ஈடு கொண்டுவந்தால்தான் நோட்டு என்ற பழைய விதி அங்கே முடிந்துபோனது. இனி ரூபாவைக் காப்பது ஆட்சியாளரின் கட்டுப்பாட்டுணர்ச்சி மட்டுமே.

எக்ஸ்டரின் பிற்கால வாழ்வு கவனிக்கத் தக்கது. 1953 இல் இலங்கையை விட்டுப் போனவர், பிறகு நியூயோர்க் மத்திய வங்கிக் கிளையில் வெளிநாட்டு வங்கி அலுவல்களையும் தங்கத்தையும் கவனிக்கும் உயர்பதவியில் இருந்தார். அமெரிக்கா அளவுக்கு மீறி டொலர் உண்டாக்குகிறது, அதற்குரிய தங்கம் அதனிடம் இராது என்று எச்சரிக்கத் தொடங்கினார். 1971 ஓகஸ்ட் 15 அன்று ஜனாதிபதி நிக்சன் டொலருக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தினார். கடன்களைத் தலைகீழ்ப் பிரமிட்டாக வரைந்து, அதன் அடிநுனியில் தங்கத்தை வைத்த படத்துக்காகவே எக்ஸ்டர் இன்று பேசப்படுகிறார். நெருக்கடி வரும்போது எல்லாரும் மேலடுக்குக் காகிதத்தை விட்டுக் கீழே உறுதியான பணத்தை நோக்கி ஓடுவார்கள் என்பது அவர் கொள்கை. நமக்கு மத்திய வங்கி அமைத்துத் தந்த மனிதர், கடைசிவரை தங்கத்தின் பக்கம் நின்று மத்திய வங்கிகளை எச்சரித்தவராக 2006 இல் மறைந்தார்.

சரிந்த படிகள்

பொன்னில் எழுதிய வரையறை பதினேழு ஆண்டு தாங்கியது. 1967 நவம்பரில் டொலர் 5 ரூபா 95 சதம் ஆனது. அடுத்த ஆண்டே இரண்டு விலை கொண்ட செலாவணி முறை வந்தது. 1977 நவம்பரில் ரூபா 16 அளவில் மிதக்க விடப்பட்டது. 2019 முடியும்போது டொலர் 180 ரூபாவைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு காரணம் சொல்லப்பட்டது: ஏற்றுமதி வளர வேண்டும், பற்றாக்குறையை நிரப்ப வேண்டும், போர்ச் செலவு, தேர்தல் வாக்குறுதி. விளைவு எப்போதும் ஒன்றுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ரிச்சர்ட் கான்டியோன் என்ற அறிஞர் ஓர் உண்மையைக் கண்டு எழுதினார். புதிதாக உண்டாகும் பணம் எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. முதலில் பெறுபவர் பழைய விலையில் பொருள் வாங்குவார். அது கைமாறிக் கைமாறி வரும்போது விலை ஏறும். கடைசியில் நிற்பவர் ஏறிய விலையைக் கொடுத்துக்கொண்டே பழைய வருமானத்தில் இருப்பார். பின்னாளில் பொருளியலாளர்கள் லுட்விக் வொன் மீசஸும் ஹயக்கும் மத்திய வங்கிகளைக் கண்டித்தபோது இந்த அறிவும் அவர்களுக்குத் துணைநின்றது. திறைசேரியும் அதனிடம் ஒப்பந்தம் எடுப்பவரும் வரிசையின் முன்னால் நிற்பவர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தத்தால் நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்ட இராகலை, ஹல்கரனோயாத் தொழிலாளி அந்த வரிசையின் கடைசி ஆள். கடையில் விலை தினமும் மாறும். அவர் பேருக்குரிய சம்பளம் கையெழுத்தான நாளோடு உறைந்து நிற்கும்.

கொழுந்து நிறுக்கும் தராசில் யாராவது கிலோவைச் சிறிதாக்கினால் அன்றைக்கே மலை கொதித்தெழும். ரூபாவைச் சிறிதாக்கும்போது நாம் விலைவாசியைத் திட்டுகிறோம். அளவுகோலை மாற்றியவரைக் கேட்பதில்லை.

ஆயிரம் ரூபாவின் ஓராண்டு

ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக மலையகம் எத்தனை ஆண்டு போராடியது என்பது வாசகர்களுக்குத் தெரியும். தேர்தல் மேடைகளில் வாக்குறுதி, கொழும்பில் ஆர்ப்பாட்டம், வேலை நிறுத்தம், உண்ணாவிரதம் எல்லாம் கடந்து, 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானி வந்தது. 900 ரூபா அடிப்படை, 100 ரூபா கொடுப்பனவு. பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிக் கேட்டு, எட்டாதவர்க்கு அரைநாட் கணக்கான அரைப்பேர் போட்ட கொடுமையும் உடனே தொடங்கியது. எனினும் அது வெற்றிதான். அன்றைய மாற்று விலையில் அந்த ஆயிரம் ஏறக்குறைய ஐந்து டொலர்.

அதே காலத்தில் கொழும்பில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது, வேறு வரிகளும் குறைந்தன. கோவிட் வந்து வருமானம் இன்னும் வீழ்ந்தது. கடன் தர வெளியே ஆளில்லை. மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கிக் குவித்தது. 2019 இறுதியில் நூறு பில்லியன் ரூபாவுக்குள் இருந்த அதன் கையிருப்பு, இரண்டே ஆண்டில் ஒரு டிரில்லியனைத் தாண்டியது. ஒரு டிரில்லியன் என்பது ஒரு இலட்சம் கோடி. இதனால் பணவீக்கம் வராது என்று பொறுப்பில் இருந்தவர்கள் வாதாடினார்கள். டொலரை 203 ரூபாவில் பிடித்துவைக்கக் கடைசி டொலர்க் கையிருப்பையும் செலவழித்தார்கள்.

2022 மார்ச் 7 அன்று பிடி விடப்பட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அரசாங்கம் அறிவித்தது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை அண்மித்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருளில் 94.9 வீதம். ரொட்டியால் பசி ஆற்றும் லயங்களில் கோதுமை மா கிலோ 400 ரூபா வரை போனது. போராடிப் பெற்ற ஆயிரம் ரூபா, ஓராண்டு கடந்த சில வாரங்களில், மூன்று டொலருக்கும் குறைந்தது.

தேயிலை ஏலத்தைப் பாருங்கள். 2021 இல் கிலோ சராசரியாக 620 ரூபா அளவில் போனது; 2022 இல் 1,270 ரூபாவை எட்டியது. அரசாங்கம் போட்ட இரசாயன உரத் தடையால் விளைச்சல் சுருங்கியதும் உரம், எரிபொருள் செலவு ஏறியதும் உண்மை. ஆனாலும் ரூபா விழுந்ததால் தேயிலையின் ரூபா விலை இரட்டிக்க, நாட்சம்பளம் ஆயிரத்திலேயே நின்றது. 1890களில் வெள்ளி விழுந்தபோது போட்ட கணக்கு இம்மி பிசகாமல் திரும்பி வந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது. அன்று டொலர் ஏறக்குறைய 300 ரூபா. மூன்றரை ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் கிடைத்த 1,350, டொலர்க் கணக்கில் 2021 இன் ஆயிரத்துக்கும் குறைவு.

சேமிப்பின் கதை இதைவிடக் கசப்பு. ஊழியர் சேமலாப நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கியே. ஓய்வு பெறும் நாளுக்காக மாதாமாதம் பிடித்த பணம் பெரும்பாலும் அரசாங்க முறிகளில் போடப்படுகிறது. 2022 இல் அதற்குக் கிடைத்த வட்டி 9 வீதம். அந்த ஆண்டின் சராசரிப் பணவீக்கம் 46.4 வீதம். அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அந்த நிதியின் முறிகளே குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டன. ரூபாவைக் கரைத்த நிறுவனத்திடமே தொழிலாளியின் முதுமைப் பணமும் இருந்தது. நம் தாய்மார் காதிலும் கழுத்திலும் சேர்த்த தங்கம் மட்டும் கரையவில்லை. 1950 இல் 43 ரூபாவாக வரையறுக்கப்பட்ட பவுண் இன்று இரண்டு இலட்சத்தையும் கடந்து நிற்கிறது. அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போகாத குடும்பத்துக்கு அதுவே காப்பு.

மறுதரப்பும் தீர்ப்பும்

மத்திய வங்கி வேண்டும் என்போர் சொல்வதிலும் பொருள் உண்டு. வங்கிகள் பீதியால் சரியும்போது கைகொடுக்க ஒருவர் வேண்டும் என்பார்கள். 1884 இல் கோர்டன் செய்ததை நினைவூட்டுவார்கள். 1930களில் கைகட்டி நின்ற நாணயச் சபையையும் காட்டுவார்கள். ஆனால் கோர்டன் ஏற்கெனவே வெளியிலிருந்த நோட்டுகளுக்கு அரசின் நாணயத்தை ஈடாகக் கொடுத்தார். பற்றாக்குறைக்காகப் புது நோட்டு அடிக்கவில்லை. மந்தத்தில் நசுங்கியவர்க்கு உதவி வேண்டுமென்றால், நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக வரி போட்டு, யார் தருகிறார், யார் பெறுகிறார் என்று எழுதிச் செய்யலாம். நோட்டு அடிப்பதும் வரிதான். வாக்கெடுப்பு இல்லாமல், ஏழையிடம் அதிகமாக வாங்கும் வரி. ஹொங்கொங் 1983 இலும், பல்கேரியா பெரும் பணவீக்கத்தில் நொறுங்கிய பின் 1997 இலும் நாணயச் சபை முறையை ஏற்றுக்கொண்டன. பழைய விதி காலாவதியாகிவிட்டது என்போர்க்கு அவை பதில்.

2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பொன்றைத் தந்தது. முன்னாள் ஜனாதிபதிகள் கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவார்ட் கப்ரால், டபிள்யூ.டி. லக்ஷ்மன் உள்ளிட்டோர் பொது நம்பிக்கையை மீறி மக்களின் அடிப்படை உரிமையைப் பாதித்தார்கள் என்று அது கண்டது. அதற்கு முன்பே, 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் எக்ஸ்டரின் சட்டத்தை நீக்கி, அரசாங்கத்துக்கு வங்கி பணம் உண்டாக்கிக் கொடுப்பதைத் தடை செய்தது. 1949 இல் திறந்த வாசல் காகிதத்திலாவது மூடப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஆண்டுக்கு 5 வீதப் பணவீக்கத்தையே அந்த வங்கி இலக்காக வைத்திருக்கிறது. அந்த இலக்கு தவறாமல் நிறைவேறினால்கூட, பதினைந்து ஆண்டுக்குள் ரூபாவின் மதிப்பு பாதியாகும்.

என் முடிவை ஒளிக்காமல் சொல்கிறேன். சம்பளத்தை உயர்த்தக் கேட்கும் உரிமையோடு, அந்தச் சம்பளத்தின் மதிப்பைக் காக்கக் கேட்கும் உரிமையும் மலையகத் தொழிலாளிக்கு உண்டு. மலையகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் சங்கத் தலைவர்களுக்கும் மூன்று வேண்டுகோள். நோட்டு அடிக்கத் தடை விதித்த பிரிவை எந்த அவசரத்தின் பேரிலும் தளர்த்த வாக்களிக்காதீர்கள். அடுத்த சம்பளப் பேச்சில் ரூபாத் தொகையோடு விலைச்சுட்டியையும் சேர்த்துக் கட்டுங்கள். சேமலாப நிதியை மத்திய வங்கியின் கையிலிருந்து பிரித்து, உறுப்பினருக்குக் கணக்குச் சொல்லும் தனி நிறுவனத்திடம் கொடுக்கச் சொல்லுங்கள். இந்த மூன்றும் நிறைவேறும்வரை மலையகத்தில் எந்தச் சம்பள உயர்வும் நிலையான உயர்வாகாது.

(அடுத்த இதழில்: தோட்டக் கடைகளும் அரிசிக் கணக்கும்)